துடைக்கும் முன் தேடுங்கள்: வீட்டில் பூனை, நாய் மூத்திர நெடி எங்கிருந்து வருகிறது?

மும்பையில் முதல் மழை விழுந்து நாலைந்து நாள் ஆனதும், பூனையோ நாயோ வளர்க்கும் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: நேற்றுவரை இல்லாத இந்த நெடி இன்று எங்கிருந்து வந்தது? செம்பூரில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கோடை முழுவதும் ஒன்றும் தெரியவில்லை. மழை பிடித்த மூன்றாம் நாள் காலை கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைத்தது. எங்கள் பூனை மணி அன்று மணல் தட்டைத் தவிர வேறெங்கும் போகவில்லை. ஆனாலும் வீட்டில் எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். நான் வாளியில் ஃபினாயிலைக் கரைத்துக் கூடம் முழுவதையும் துடைத்தேன். இரண்டு மணி நேரம் ஃபினாயில் வாடை வீசியது. பிறகு மீண்டும் அதே நெடி.

நெடி நமக்குத் தெரிகிற இடம் வேறு, அது கிளம்புகிற இடம் வேறு. அந்த வாரம் முழுவதும் அலைந்து நான் புரிந்துகொண்டது இதைத்தான். கிளம்பும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் வீட்டைத் துடைத்துக்கொண்டிருப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பதற்குச் சமம். புதிதாகப் பிராணி வளர்க்கத் தொடங்கியிருப்பவர்கள் தேடும் முறையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சுத்தம் செய்வது அதன் பிறகு எளிது.

உலர்ந்த பிறகுதான் தொடங்குகிறது

அப்போதுதான் பெய்த சிறுநீருக்கு அவ்வளவாக நாற்றம் கிடையாது. அதில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பங்கு யூரியாவும் உப்புகளும். தரையிலும் துணியிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு யூரியாவை உடைக்கும்போது அம்மோனியா வெளிவருகிறது. கண்ணில் நீர் வரவழைக்கும் காரமான நெடி அதுதான். இதற்குச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை ஆகும். அதனால்தான் சம்பவம் நடந்த அன்று யாருக்கும் தெரிவதில்லை.

பூனையின் சிறுநீரில் கூடுதலாக ஒரு பொருள் இருக்கிறது. ஃபெலினின் என்ற அமினோ அமிலம். வெளியே வரும்போது அதற்குத் தனியாக நாற்றம் இல்லை. நாளாக ஆக அது சிதைந்து, கந்தகம் கலந்த சேர்மங்களாக மாறுகிறது. நாயின் மூத்திரத்திலிருந்து பூனையின் மூத்திரத்தைப் பிரித்துக் காட்டுவது இந்தக் கந்தக வீச்சம்தான். கருத்தடை செய்யாத ஆண் பூனை இதை மிக அதிகமாக வெளியேற்றும். அத்துடன், பூனையின் முன்னோர் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் உடல் என்பதால் சிறுநீரும் அடர்த்தியாகவே இருக்கும். இரண்டு தேக்கரண்டி போதும், ஓர் அறையை நிறைத்துவிடும்.

‘யூரிக் அமிலப் படிகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்’ என்று பல இடங்களில் சொல்கிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. நாய், பூனைகளின் உடலில் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதி அலன்டோயின் என்ற பொருளாக மாறித்தான் வெளியேறுகிறது. அது தண்ணீரில் எளிதில் கரையும். டால்மேஷன் இன நாய்கள் இதற்கு விலக்கு. யூரிக் அமிலத்தை அப்படி மாற்றும் நொதி மனித உடலில் வேலை செய்வதில்லை.

அப்படியானால் மழைக்காலத்தில் நெடி திரும்ப வருவது எப்படி? தண்ணீர் ஆவியான பிறகு உப்புகளும் மற்ற கழிவுகளும் சிமெண்டின் நுண்துளைகளிலும் மரத்தின் நாரிலும் தங்கிவிடுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் அவை உலர்ந்து கிடக்கின்றன. ஜூலையில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல இந்தப் படிவும் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. ஈரம் கிடைத்ததும் பாக்டீரியாக்கள் மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன. துளைகளில் ஒட்டியிருந்த மணமூலக்கூறுகளும் ஈரத்தால் விடுபட்டு வெளிவருகின்றன. மழையன்று மூக்கில் ஏறும் நெடி மூன்று மாதத்துக்கு முந்தைய சம்பவமாக இருக்கலாம். அன்றைக்குப் பூனையைத் திட்டுவதில் பொருளே இல்லை.

மூக்கை எப்படிப் பயன்படுத்துவது

ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். வீட்டிலேயே இருப்பவர்களுக்குத் தெரியாத நெடி, வாசலில் நிற்கும் தபால்காரருக்குத் தெரிவது இதனால்தான். எனவே தேடத் தொடங்கும் முன் கீழே இறங்கி, கால் மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் கிடைக்கும் முதல் இரண்டு மூன்று மூச்சுகள்தான் நம்பகமானவை. அதற்குமேல் நின்று மோந்துகொண்டே இருந்தால் வீடு முழுவதும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதைவிட முக்கியம் காற்று. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் எந்த மூலையும் பிடிபடாது. மழைக்காலத்தில் மும்பையில் காற்று பெரும்பாலும் கடல் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து வீசும். மேற்கு ஜன்னல் திறந்திருந்தால் கூடத்து நெடி கிழக்கே இருக்கும் படுக்கையறைக்குப் போய்விடும். பிறகு கட்டிலையும் மெத்தையையும் குற்றம் சொல்வோம். எங்கள் வீட்டில் முதல் இரண்டு நாள் மெத்தையைத்தான் புரட்டிக்கொண்டிருந்தோம். ஆகவே ஜன்னல்களையும் அறைக் கதவுகளையும் தனித்தனியே மூடி, விசிறிகளை நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு அறையாகத் திறந்து நுழையுங்கள். எந்த அறை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அறை தெரிந்ததும் உட்கார்ந்து, அல்லது முழங்காலிட்டுத் தேட வேண்டும். நின்றுகொண்டு மோந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தோற்றுப் போகிறார்கள். பிராணியின் உயரத்தில்தான் அடையாளம் இருக்கும்.

எங்கே பார்ப்பது என்பதற்கு விலங்கின் பழக்கமே வழிகாட்டி. ஆண் நாய் காலைத் தூக்கும். எனவே சோபாக் கால், கதவு நிலை, மேசையின் ஓரம். பெண் நாயும் குட்டிகளும் குந்தும். அறையின் நடுவிலும் மிதியடியிலும் பாருங்கள். பூனை இரண்டு விதம். சாதாரணமாகப் பெய்யும்போது குந்தி, மென்மையான இடத்தில் பெய்யும்: துவைக்கப் போட்ட துணிக்குவியல், சாக்கு, மெத்தை. எல்லையைக் குறிக்கும்போது நின்றபடி வாலைத் தூக்கி, பின்பக்கமாகச் சுவரில் பீச்சும். அப்போது கறை தரையில் இருக்காது. சுவரிலோ அலமாரியின் பக்கவாட்டிலோ ஒரு சாண் உயரத்தில் தொடங்கி, கோடு கோடாகக் கீழே வழிந்திருக்கும்.

கோலிக்குண்டு சொன்னது

வழிந்தது எங்கே போகும்? பள்ளத்துக்கு. எந்த வீட்டுத் தரையும் முழுக்கச் சமமாக இருப்பதில்லை. பழைய கட்டடங்களில் இன்னும் கூடுதல். எங்களுடையது மொசைக் தரை. பார்வைக்கு மட்டமாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு கோலிக்குண்டு வாங்கிக் கூடத்தின் நடுவில் வைத்தேன். அது சற்று நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, வேகம் பிடித்து, இரும்பு பீரோவின் அடியில் போய் மறைந்தது. வேறு மூன்று இடங்களில் வைத்தும் அங்கேதான் போனது.

தரையோடு கன்னத்தை வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பீரோவின் பின்பக்க இடது காலைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துரு. துருவின் விளிம்பில் தேன் சிந்தி உலர்ந்தாற்போல ஒரு பழுப்புப் பளபளப்பு. அதில் இரண்டு சாம்பல் நிற முடிகள் ஒட்டியிருந்தன. மணியின் முடி. பீரோவை நகர்த்த மூன்று பேர் தேவைப்பட்டது. அதன் பக்கவாட்டுத் தகட்டில், ஒரு சாண் உயரத்திலிருந்து, உலர்ந்த கோடுகள் இறங்கியிருந்தன. பிப்ரவரியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு தெருப்பூனை வந்து உட்கார்ந்துகொண்டிருந்த நாட்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அந்தப் பூனைக்கு எல்லையைக் காட்டத்தான் மணி அங்கே பீச்சியிருக்கிறான்.

கோலி இல்லாவிட்டால் ஒரு தேக்கரண்டி தண்ணீரை ஊற்றி அது போகும் வழியைப் பாருங்கள். பீரோ, குளிர்பதனப்பெட்டி, சமையலறை டிராலி ஆகியவற்றின் கால்களும், தரையும் சுவரும் சேரும் விளிம்பும்தான் தண்ணீர் தேங்கும் இடங்கள். விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட வீடுகளில் டைல் உறிஞ்சாது, ஆனால் இடையிலுள்ள சிமெண்ட் இணைப்பு உறிஞ்சும். அந்த இணைப்புகளின் வழியே சிறுநீர் மூன்று நான்கு டைல் தூரம் நகர்ந்திருக்கும்.

புறஊதா டார்ச்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

சிறுநீரில் உள்ள சில பொருள்கள் புறஊதா ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகின்றன. இருட்டில் அந்த டார்ச்சை அடித்தால் பழைய கறை மங்கலான மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ ஒளிரும். இந்தக் கருவியின் மூதாதை அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1903-இல் உருவாக்கிய வடிகட்டிக் கண்ணாடி. கால்நடை மருத்துவர்கள் பூனையின் தோலில் படர்தாமரை இருக்கிறதா என்று பார்க்கும் விளக்குக்கு இன்றும் ‘வுட் விளக்கு’ என்றே பெயர்.

கடைகளில் ஒளியின் அலைநீளத்தைக் குறித்து 365 நானோமீட்டர், 395 நானோமீட்டர் என்று இரண்டு வகை கிடைக்கும். 395 மலிவு, ஆனால் அதன் ஊதா வெளிச்சமே கறையை மறைத்துவிடும். முடிந்தால் 365 வாங்குங்கள். டார்ச் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாய் நோட்டின் எண்களின்மேல் அடியுங்கள். அவை ஒளிர்ந்தால் சரி. இரவில், எல்லா விளக்குகளையும் அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். உங்கள் கண்ணிலோ பிராணியின் கண்ணிலோ அடிக்கவே கூடாது.

முதன்முறை அடித்துப் பார்த்தபோது வீடே கறையாகத் தெரிந்தது. துணி துவைக்கும் சோப்புத்தூளில் வெண்மை கூட்டும் பொருள் இருக்கிறது. அது சிந்திய இடமெல்லாம் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். காகிதமும் பருத்தி நூலும் அப்படியே. நம் வீடுகளுக்கென்றே ஒன்று உண்டு: மஞ்சள். மஞ்சளில் உள்ள குர்குமின் புறஊதா ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக, அதாவது ஏறக்குறைய மூத்திரக் கறையின் நிறத்திலேயே ஒளிர்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிய எங்கள் வாசற்படியில் அந்த ஒளியைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. ஆகவே ஒளிர்வதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒளிரும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டமிட்டு, விளக்கைப் போட்ட பிறகு ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள்.

அந்தச் சோதனைக்கு ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சந்தேகமான இடத்தில் இரண்டு நிமிடம் அழுத்தி வையுங்கள். சூடும் ஈரமும் சேர்ந்து உள்ளே இருப்பதை இழுக்கும். பிறகு துணியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் மோந்து பாருங்கள். அறைக் காற்று குழப்பாத இடத்தில், அந்த ஓர் இடத்தின் வாடை மட்டும் மூக்குக்குக் கிடைக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் வேறு துணி. எலிச் சிறுநீராகக்கூட இருக்கலாம். மழைக்கால மும்பையில் லெப்டோஸ்பைரோசிஸ் அதன் வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகிறது. கையுறை இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள், துணியை மூக்கில் படும்படி வைக்காதீர்கள்.

பிராணியின் மேல் பழி வேண்டாம்

மாட்டுங்காவில் எங்கள் உறவினர் வீட்டில் ஒரு நாய் உண்டு. மே மாதம் முழுவதும் கல்லிடைக்குறிச்சியில் இருந்துவிட்டுத் திரும்பியதும் வீட்டில் அழுகிய மூத்திர நெடி. நாயும் அவர்களோடு ஊருக்குப் போய்த்தான் வந்திருந்தது. காரணம் மோரியில், அதாவது குளிக்கும் இடத்தில் இருந்தது. சாக்கடைக் குழாயின் வாயில், நஹானி என்று இங்கே சொல்வோமே, அந்தக் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, கீழிருந்து வரும் வாயுவைத் தடுக்கும். ஒரு மாதம் யாரும் குளிக்காததால் அந்தத் தண்ணீர் வற்றிவிட்டது. இரண்டு குவளை தண்ணீர் ஊற்றியதும் அன்று மாலைக்குள் சரியாகிவிட்டது. ஒரு டார்ச்சும் தேவைப்படவில்லை.

மூஞ்சூறு ஓடும் வீடுகளில் அதன் கஸ்தூரி கலந்த வீச்சமும் இப்படி ஏமாற்றும். சுவிட்சுப் பலகை, பிளக் அருகே மீன் வாடையோ மூத்திர வாடையோ வந்தால் அது சூடேறிய பிளாஸ்டிக்காக இருக்கலாம். உடனே மெயின் சுவிட்சை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதில் மட்டும் காத்திருக்கக் கூடாது.

இடம் தெரிந்த பிறகு

என்சைம் கிளீனர் என்று விற்பதை வாங்குங்கள். அதிலுள்ள நொதிகளும், சிலவற்றில் கலந்திருக்கும் பாக்டீரியாக்களும், கழிவை உடைத்து நாற்றமில்லாததாக்கும். மேலாகத் தெளித்துத் துடைத்தால் பயனில்லை. சிறுநீர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆழம் இதுவும் போக வேண்டும். நன்றாக நனைத்து, ஈரம் காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி, புட்டியில் சொன்ன நேரம் வைத்திருந்து, பிறகு காயவிடுங்கள். முன்னதாக அந்த இடத்தை வெறும் தண்ணீரால் இரண்டு முறை கழுவி ஒற்றியெடுங்கள். ஃபினாயில் போட்ட இடத்தில் நொதி சரியாக வேலை செய்யாது. எங்கள் வீட்டில் முதல் முயற்சி பலிக்காததற்கு நான் ஏற்கெனவே ஊற்றியிருந்த ஃபினாயிலும் ஒரு காரணம்.

ஃபினாயிலில் இன்னொரு ஆபத்து உண்டு. ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பூனை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். வினிகரைப் பலர் பரிந்துரைப்பார்கள். மொசைக்கிலும் மார்பிளிலும் ஊற்றாதீர்கள். மொசைக்கில் பதிந்திருப்பவை மார்பிள் சில்லுகள்தான். அமிலம் பட்டால் நுரைத்து, பளபளப்புப் போய், சொரசொரப்பாகும். அதன் பிறகு அந்த இடம் இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

பிளைவுட்டும் சோபா நுரையும் வேறு கதை. பலமுறை நனைந்த பிளைவுட்டை எந்தத் திரவமும் மீட்பதில்லை. அந்தப் பலகையை மாற்றுவதே சிக்கனம்.

மணல் தட்டை ஒழுங்காகப் பயன்படுத்திய பூனையோ, வெளியே போய்ப் பழகிய நாயோ திடீரென்று வீட்டுக்குள் பெய்யத் தொடங்கினால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம்: சிறுநீர்த்தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு. ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். ஒரு நாள் தாமதித்தாலும் உயிர் போகலாம். இரவானாலும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பரேலில் 1883-இல் நிறுவப்பட்ட பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையை இந்த ஊரில் ஆட்டோக்காரர்களும் அறிவார்கள். எல்லையைக் குறிக்கப் பீச்சும் ஆண் பூனைகள் பெரும்பாலும் கருத்தடைக்குப் பிறகு அதை நிறுத்திவிடுகின்றன. மணிக்கும் அந்த ஆகஸ்டில் செய்தோம். தெருப்பூனை தெரியும் ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டினோம்.

பீரோவை உடனே பழைய இடத்தில் தள்ளவில்லை. துருவைச் சுரண்டி, காலுக்கு வர்ணம் பூசி, அடியில் ரப்பர் குப்பி மாட்டி, சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கியே வைத்திருந்தோம். அடுத்த வாரம் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. இரண்டாம் நாள் மாலை வேலையிலிருந்து திரும்பி, விசிறியைப் போடாமல், ஈரத்துணியை அந்த இடத்தில் அழுத்தி எடுத்துப் பால்கனிக்குக் கொண்டுபோனேன். துணியில் மழைநீரின் வாடைதான் இருந்தது. அன்றிரவே மூவருமாகப் பீரோவைத் தள்ளி வைத்தோம்.